காட்டுல பெரிய ஆந்தை தேடிப் போறீங்களா, இந்தத் தப்பெல்லாம் பண்ணாதீங்க

நான் சொல்ற ஆந்தை ஸ்பாட் பெல்லீட் ஈகிள் ஆவுல், பழைய பேரு ஃபாரஸ்ட் ஈகிள் ஆவுல். மேற்குத் தொடர்ச்சி மலை, இமயமலை அடிவாரம், இலங்கை, அந்தப் பக்கம் வியட்நாம் வரைக்கும் அடர்ந்த காட்டுல இருக்கு, கேரளாவுல தட்டேக்காடு பறவைகள் சரணாலயத்துக்கு நிறைய பேரு இதுக்காகவே போவாங்க. ஆனா பாத்தேன்னு சொல்றவங்கள்ல பல பேரு வேற எதையோதான் பாத்திருப்பாங்கன்னு எனக்கு ஒரு சந்தேகம்.

ஏன்னா தலையில கொம்பு, ஆளும் பெருசு, அப்ப அதேதான்னு முடிவு கட்டிடுறாங்க. மீன் ஆந்தைக்கும் அதே கொம்பு இருக்கு, பாறைப் பக்கம் சுத்துற கொம்பன் ஆந்தைக்கும் இருக்கு (கொம்பும் இல்ல காதும் இல்ல, வெறும் இறகு, நெஜக் காது முகத்தோட ரெண்டு பக்கமும் இறகுக்குள்ள ஒளிஞ்சிருக்கும்). நீங்க பாக்க வேண்டியது கண்ணை. அந்த ரெண்டுக்கும் மஞ்சளோ ஆரஞ்சோ, இதுக்கு கரும்பழுப்பு, அலகு மஞ்சள், வெளுத்த வயித்துல பெரிய பெரிய கரும்புள்ளி. பழுப்புக் காட்டு ஆந்தைக்கும் கண்ணு இதே கலர்தான், ஆனா கொம்பே கிடையாது. டார்ச் வெளிச்சத்துல தெரியுற கண்ணு கலரை மட்டும் நம்பிடாதீங்க, அது பளபளன்னு மின்னி ஏமாத்திடும், அதுவும் இல்லாம நேரா மூஞ்சில லைட் அடிச்சா ஆந்தையோட ராத்திரி வேட்டையே கெட்டுப்போகும்.

அடுத்தது சத்தம். இலங்கையில உலமான்னு ஒரு பேய்ப்பறவை கதை இருக்கு, நடுராத்திரி பொம்பள அலறுற மாதிரி கேக்குமாம், அது இந்த ஆந்தைதான்னு நிறைய பேரு சொல்றாங்க. அதைப் படிச்சுட்டு அலறலுக்காகவே காத்திருந்தா கோட்டை விட்டுடுவீங்க, ஏன்னா சாதாரணமா வர்றது அடித்தொண்டையில ஒரு ஹூ, கொஞ்சம் கேப் விட்டு இன்னொரு ஹூ, அவ்ளோதான்.

அதுக்காக போன்ல ரெக்கார்டிங் போட்டுக் கூப்பிடாதீங்க ப்ளீஸ். வேற ஆந்தை தன் ஏரியாவுக்குள்ள வந்துருச்சுன்னு நெனச்சு கூட்டை விட்டுட்டு வரும், இது பொதுவா வைக்கிறதே ஒரே ஒரு முட்டை, அந்த நேரத்துல அதுக்கு ஏதாவது ஆச்சுன்னா அந்த வருஷம் போச்சு.

கீழ குஞ்சு உக்காந்திருந்தா அனாதைன்னு தூக்கிட்டு வராதீங்க, அப்பா அம்மா பக்கத்துலயே இருக்க சான்ஸ் அதிகம். அடிபட்டிருந்தா வனத்துறைக்கு போன் பண்ணுங்க, வீட்டுல வெச்சு வளக்கலாம்னு நெனச்சா 1972 வனவிலங்கு சட்டத்துல மாட்டுவீங்க.