இஞ்ச் டேப்பை எடுத்த பிறகுதான் விலை நின்றது

ரொம்ப நாள் நான் ஓவியத்துக்கு விலை சொன்னது வாங்க வந்தவர் முகத்தைப் பார்த்துத்தான். காரில் வந்தால் எட்டாயிரம், சொந்தக்காரர் என்றால் கேன்வாஸ் காசு கூட வராது. ஒரே அளவு படத்தை இரண்டு பேருக்கு இரண்டு விலைக்குக் கொடுத்து, அவர்கள் இருவரும் நண்பர்கள் என்று அப்புறம் தெரிந்தபோது பட்ட வெட்கம் இருக்கிறதே!

சரி என்று கணக்குப் போட உட்கார்ந்தேன். முதலில் சதுர அங்குலத்துக்கு 15 ரூபாய். 12க்கு 16 படம் 2,880 ரூபாய், நியாயமாக இருந்தது. ஆனால் 36க்கு 48 படத்துக்கு 25,920 வந்தது, என் பெயருக்கு அதை யார் கொடுப்பார்கள்? அதனால் நீளத்தையும் அகலத்தையும் கூட்டி, அங்குலத்துக்கு 120 என்று மாற்றினேன். சின்னது 3,360, பெரியது 10,080. கேன்வாஸ், வண்ணம், ஃபிரேம் செலவு தனியாக மேலே சேரும்.

கேலரியில் விற்கக் கொடுத்தபோது இன்னொரு அடி வாங்கினேன். கையில் 6,000 வேண்டும், கமிஷன் 40 சதவீதம், அதனால் 2,400 கூட்டி 8,400 என்று எழுதிக் கொடுத்தேன். அவர்கள் 8,400க்குத்தான் கமிஷன் பிடித்தார்கள், எனக்கு வந்தது 5,040. கூட்டக் கூடாது; கமிஷன் போக என் கைக்கு வருவது 60 சதவீதம்தான், அதனால் 6,000ஐ 0.6ஆல் வகுக்க வேண்டும், பத்தாயிரம். இப்போது வீட்டில் வந்து கேட்டாலும் அதே பத்தாயிரம்தான் சொல்கிறேன், இல்லாவிட்டால் கேலரிக்காரர் முகத்தில் எப்படி முழிப்பது? சொந்தக்காரர்களுக்கு மட்டும் சின்ன ஸ்கெட்ச், இலவசமாக.