வழக்கைக் காப்பாற்றிய 21 நாள்

அமெரிக்காவில் மாநில அரசுக் கல்லூரி ஒன்றில் பாடம் நடத்தினேன். பிறந்த நாட்டையும் வயதையும் வைத்து என்னை ஒதுக்கினார்கள் என்பது என் வழக்கு. வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை, நானே வாதாடினேன்.

சம வேலைவாய்ப்பு ஆணையத்தில் புகார் கொடுத்து, வழக்குத் தொடர அனுமதிக்கும் கடிதம் வந்த பிறகு 90 நாள்தான் அவகாசம். 71ஆம் நாள் 405 டாலர் கட்டி, கூட்டாட்சி நீதிமன்றத்தில் தாக்கல் செய்தேன். கோபத்தில், தெரிந்த சட்டத்தையெல்லாம் மனுவில் கொட்டியிருந்தேன். சம்மனை நானே கொண்டுபோய்க் கொடுக்க நினைத்தேன்; வழக்காடுபவர் கொடுக்கக் கூடாதாம். நண்பர் போனார்.

வழக்கைத் தள்ளுபடி செய்யும்படி கல்லூரி மனுப் போட்டது. அது மாநிலத்தின் அங்கம். வயதுப் பாகுபாட்டுச் சட்டத்தின் கீழ் அதனிடம் தனிநபர் இழப்பீடு கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2000இலேயே சொல்லிவிட்டது. இரண்டு இரவு தூக்கமில்லை.

சட்ட நூலகத்தில்தான் வழி கிடைத்தது. பிறந்த நாட்டை வைத்தும் வேலையில் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது 1964ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டத்தின் ஏழாம் பகுதி. வழக்கிலிருந்து மாநிலத்தைக் காக்கும் அந்தப் பாதுகாப்பு இதற்குப் பொருந்தாது என்பது 1976ஆம் ஆண்டுத் தீர்ப்பு. தள்ளுபடி மனு வந்த 21 நாளுக்குள், யாரிடமும் அனுமதி கேட்காமல் ஒருமுறை நம் மனுவைத் திருத்தலாம். வயதுக் கோரிக்கையை வெட்டினேன்; மனம் கேட்கவில்லைதான். பிறந்த நாட்டுப் பாகுபாட்டை மட்டும் தேதிவாரியாக, அடைமொழி இல்லாமல் எழுதி 18ஆம் நாள் கொடுத்தேன்.

பழைய தள்ளுபடி மனு பயனற்றுப் போனது. இப்போது கல்லூரியிடம் ஆவணங்கள் கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன்.