மேளமும் சேகாவும்: மொரீஷியஸ் கல்யாணத்துக்கு இசை ஏற்பாடு செய்யும் முறை

கல்யாணத் தேதி குறித்ததும் முதலில் மண்டபம், அப்புறம் சாப்பாடு, அப்புறம் புடவை. மேளம், பாட்டு எல்லாம் கடைசி மாதத்தில்தான் நினைவுக்கு வரும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. என் தங்கை கழுத்தில் தாலி ஏறும் நேரத்தில் ஒலிபெருக்கிக்காரர் ஏதோ ஒரு சினிமாப் பாட்டை ஓடவிட்டிருந்தார். குருக்கள் கையை உயர்த்தியது அவர் உட்கார்ந்திருந்த மூலைக்குத் தெரியவில்லை. மூன்று முடிச்சும் விழுந்த பிறகுதான் பாட்டு நின்றது. அம்மா அதை இன்னும் சொல்லி வருத்தப்படுவார்.

அதற்குப் பிறகு சொந்தத்தில் எந்தக் கல்யாணம் என்றாலும் இசை ஏற்பாட்டை நானே கேட்டு வாங்கிச் செய்கிறேன். முதல்முறையாக வீட்டில் கல்யாணம் எடுப்பவர்களுக்கு உதவட்டும் என்று அதை இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

படி 1: சடங்கு வரிசையை எழுதுங்கள்

யாரையும் கூப்பிடுவதற்கு முன்னால் குருக்களோடு அரை மணி நேரம் உட்காருங்கள். நலங்கு, மாப்பிள்ளை அழைப்பு, மணப்பெண் வருகை, மாலை மாற்றல், கன்னிகாதானம், தாலி, வலம் வருதல், ஆசீர்வாதம் என்று உங்கள் வீட்டு வழக்கப்படி வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மூன்றில் ஒன்றைக் குறியுங்கள்: மேளம், பாட்டு, அமைதி.

மூன்றாவதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். கன்னிகாதானத்தின்போது பெண்ணின் அப்பா சங்கல்பம் சொல்வது முன்வரிசைக்காவது கேட்க வேண்டும். அங்கே பின்னணி இசை எதுவும் வேண்டாம். இந்த ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் கலைஞர்கள் யாராக இருந்தாலும் உங்களை மதித்துப் பதில் சொல்வார்கள்.

படி 2: மேளத்தை முதலில் பேசி முடியுங்கள்

நல்ல முகூர்த்த நாளில் எல்லாருக்கும் கல்யாணம். ஆனால் நாகசுரமும் தவிலும் வாசிப்பவர்கள் நம் தீவில் குறைவு. ஆகவே மண்டபத்துக்கு முன்பணம் கட்டும் வாரமே மேளக்காரர்களையும் பேசிவிடுங்கள். உங்கள் ஊர்க் கோவிலில் திருவிழாவுக்கு யார் வாசிக்கிறார்கள் என்று விசாரிப்பதுதான் நேர்வழி. ஒரு நாகசுரம், ஒரு தவில், சுருதி, தாளம் இருந்தால் கல்யாணம் நடத்திவிடலாம். இரண்டு நாகசுரம், இரண்டு தவில் என்றால் சபை நிறைந்துவிடும். ராகம் தெரியாதே என்று தயங்க வேண்டாம். தொடக்கத்தில் கம்பீரநாட்டை, ஊஞ்சலுக்கும் நலங்குக்கும் ஆனந்தபைரவி என்று அவர்களுக்கே ஒரு மரபு உண்டு. முகாரி சோக ராகம் என்று பெயர் வாங்கியதால் கல்யாணத்தில் தவிர்ப்பார்கள். நீங்கள் விரும்பும் பாட்டு ஒன்றிரண்டு இருந்தால் இரண்டு வாரம் முன்னதாகச் சொல்லிவையுங்கள், போதும்.

உட்காரும் இடத்தைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். போன வருடம் ரோஸ் ஹில்லில் என் அத்தை மகன் கல்யாணத்தில் தவில்காரருக்குப் பக்கத்தில்தான் நின்றேன். வலது கை விரல்களில் கூடு மாட்டி, இடது கையில் குச்சியோடு, மெதுவாக ஒரு நடையில் வாசித்துக்கொண்டிருந்தார். கை தவிலில்தான் இருந்தது, கண் மட்டும் குருக்களின் வலது கையை விட்டு அகலவில்லை. அந்தக் கை ஒருமுறை மேலே எழுந்து அசைந்தது. அவ்வளவுதான், நாகசுரமும் இரண்டு தவிலும் ஒரே நொடியில் கெட்டிமேளமாக வெடித்தன. பின்வரிசையில் பேசிக்கொண்டிருந்த பெரியவர்கள்கூட எழுந்து அட்சதை போட்டார்கள்.

அதனால் மேளக்காரர் பார்வைக்கும் குருக்களின் கைக்கும் நடுவில் பூ வளைவு, வீடியோக்காரர், விளக்குக் கம்பம் எதுவும் நிற்கக் கூடாது. மணவறை அமைப்பவர் வரும்போதே இதைச் சொல்லிவிடுங்கள். நாகசுரம் திறந்தவெளிக்கென்றே பிறந்த வாத்தியம். மூடிய மண்டபத்தில் அதற்கு மைக் வேண்டியதில்லை. வயதானவர்களையும் கைக்குழந்தைகளையும் மேளத்துக்கு எதிர்ப்பக்கம் உட்கார வையுங்கள்.

மேளம் கிடைக்கவே இல்லையா? பதிவு செய்த நாகசுரம் பரவாயில்லை. ஆனால் கெட்டிமேளத்தைத் தனிப் பதிவாகக் கைப்பேசியில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், அந்த நேரத்தில் இணையத்தை நம்பாதீர்கள். அதை இயக்குபவர் குருக்களைப் பார்க்கும்படி முன்னால் உட்காரட்டும்.

படி 3: நலங்குக்கு வீட்டுக் குரல் போதும்

முதல்நாள் இரவுக்கு ஆள் பிடிக்க வேண்டாம் என்பது என் கருத்து. பாட்டி, பெரியம்மா யாருக்காவது நாலு நலங்குப் பாட்டோ லாலியோ நினைவிருக்கும். வீட்டில் தமிழை விட்டுவிட்டு, தீவின் பொதுப் பேச்சுமொழியான கிரியோலில் பேசும் பிள்ளைகள்கூட அந்தப் பாட்டுக்குக் கை தட்டுவார்கள். அதை மறக்காமல் பதிவு செய்துகொள்ளுங்கள்.

சம்பந்தி வீடு போஜ்புரி பேசும் குடும்பமாக இருந்தால் அவர்கள் பெண்கள் கீத் கவாய் பாட விரும்புவார்கள். டோலக், செம்பு, கரண்டியோடு கல்யாணத்துக்கு முன் பாடும் அந்த வழக்கத்தை யுனெஸ்கோ 2016ல் தன் கலாசார மரபுப் பட்டியலில் சேர்த்தது. நம் நிகழ்ச்சியில் அரை மணி நேரம் ஒதுக்கி நீங்களாகவே அழையுங்கள். அவர்கள் வந்து கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

படி 4: மாலை நிகழ்ச்சியில் யார் வருகிறார்கள் என்று பாருங்கள்

வரவேற்புக்கு நம் சொந்தக்காரர்கள் மட்டும் வருவதில்லை. அலுவலக நண்பர்கள், பக்கத்து வீட்டுக் கிரியோல் குடும்பம், பள்ளித் தோழர்கள் எல்லாரும் வருவார்கள். முதல் ஒரு மணி நேரம் சாப்பிட்டுப் பேசும் நேரம், மெல்லிசை போதும். வயலின், மிருதங்கத்தோடு ஒரு வாய்ப்பாட்டுக் குழு கிடைத்தால் மிகவும் நல்லது. மோக்காவில் 1970ல் தொடங்கிய மகாத்மா காந்தி நிறுவனத்தில் கர்நாடக இசையும் பரதநாட்டியமும் கற்றவர்கள் தீவெங்கும் இருக்கிறார்கள். நம் பிள்ளைகளுக்கு மேடை கொடுப்பது நம் பொறுப்பு என்றே நினைக்கிறேன். அறிவிப்பு தமிழிலும் கிரியோலிலும் இருக்கட்டும்.

டிஜேவிடம் பேசும்போது இரண்டு பட்டியல் கொடுங்கள்: கட்டாயம் வேண்டிய பத்துப் பாட்டு, போடவே கூடாத பாட்டு. மற்றதை அவரிடம் விட்டுவிடுங்கள்.

படி 5: சேகாவை முறையாக அழையுங்கள்

நம் கல்யாணத்தில் சேகா எதற்கு என்று கேட்கும் மாமாக்கள் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. இந்த மண்ணில் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் தங்கள் துயரத்தையும் மகிழ்ச்சியையும் பாடிய பாட்டு அது. 1835ல் அடிமைமுறை ஒழிந்த பிறகு, அவர்கள் உழைத்த அதே கரும்புத் தோட்டங்களில் வேலை செய்தவர்களில் நம் முன்னோர்களும் உண்டு. மரபான சேகாவை யுனெஸ்கோ 2014ல் பட்டியலில் சேர்த்தது. நானாக இருந்தால் கீபோர்டு சேகாவைவிட ரவான் பறை, விதை நிரப்பிக் குலுக்கும் மரவான் பெட்டி, தட்டி ஒலிக்கும் முக்கோணக் கம்பி மூன்றும் உள்ள குழுவைத்தான் அழைப்பேன்.

இதில் ஒரு விஷயத்தை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். ரவான் ஆட்டுத்தோல் போர்த்திய அகலமான பறை. வாசிப்பதற்கு முன் அதை நெருப்பில் காய்ச்சித் தோலை இறுக்குவார்கள். மாஎபூர் பக்கம் ஒரு கல்யாணத்தில் இதைப் பார்த்தேன். காய்ந்த ஓலையைக் கொளுத்தி, பெரியவர் ஒருவர் ரவானைத் தீயின்மேல் மெல்லச் சுற்றினார். நடுவிரலால் தட்டித் தட்டிக் கேட்டார். தொளதொள என்றிருந்த சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் கணீரென்று ஏறியது. மண்டபத்துக்கு வெளியே இப்படித் தீ மூட்ட இடமும் அனுமதியும் உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் செயற்கைத் தோல் ரவான் கொண்டுவரச் சொல்லுங்கள்.

சேகாவின் தாளம் ஆறு அடிக் கணக்கு, மூன்று மூன்றாக எண்ணும் நம் திஸ்ர நடைக்கு நெருங்கிய உறவு. தவில்காரர் தகிட தகிட என்று பிடித்துக்கொண்டால் ரவானோடு சேர்ந்து வாசிக்க முடியும். இரு தரப்பும் சம்மதித்தால் பத்து நிமிடம் அப்படி வாசிக்கச் சொல்லுங்கள். சேகா பாதம் தரையை விட்டு எழாமல் ஆடும் ஆட்டமும் என்பதால் பாட்டிகளும் இறங்கி ஆடுவார்கள்.

படி 6: மின்சாரம், மழை, காகிதம்

நம் நாட்டில் மூன்று முள் பிளக்கும் உண்டு, இரண்டு முள் பிளக்கும் உண்டு. மண்டபத்தில் எது என்று பார்த்து இசைக்குழுவுக்குச் சொல்லுங்கள். விளக்கு அலங்காரமும் ஒலிபெருக்கியும் ஒரே இணைப்பில் வேண்டாம். வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டு நடத்துகிறீர்கள் என்றால் ஒலிபெருக்கிக்கு அனுமதி வேண்டுமா என்று காவல் நிலையத்தில் கேட்டுவிடுங்கள், பக்கத்து வீட்டுக்கும் நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள்.

நவம்பர் முதல் ஏப்ரல் வரை சூறாவளிக் காலம். அந்த மாதங்களில் கல்யாணம் என்றால், எச்சரிக்கை வந்து தேதி தள்ளிப்போனால் முன்பணம் என்னாகும் என்று எழுதி வாங்குங்கள். அந்தத் தாளிலேயே வரும் நேரம், வாசிக்கும் நேரம், எத்தனை பேர், வண்டிச் செலவு யாருடையது, நேரம் நீண்டால் எவ்வளவு ஆகியவையும் இருக்கட்டும். தெரிந்தவர்தானே என்று வாயால் பேசி விடாதீர்கள்.

படி 7: கல்யாண நாளுக்கு ஒருவரை நியமியுங்கள்

பெண்ணின் அண்ணனோ மாப்பிள்ளையின் அக்காவோ வேண்டாம், அவர்களுக்குச் சடங்கில் வேலை இருக்கும். நிதானமான சித்தப்பா ஒருவரிடம் படி 1ல் எழுதிய தாளைக் கொடுங்கள். கலைஞர்கள் எல்லாரும் அவர் ஒருவரிடம்தான் கேட்க வேண்டும். தாலி கட்டுவதற்குக் கால் மணி நேரம் முன்பே அவர் ஒலிபெருக்கிக்காரரிடம் போய் எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லி, அங்கேயே நிற்கட்டும்.

அவருக்கு இன்னொரு வேலையும் கொடுங்கள். எல்லாரும் வாழையிலையில் ஏழு கறி சாப்பிட்டு எழும்வரை மேளக்காரர்கள் வாசித்துக்கொண்டே இருப்பார்கள். கடைசியில் அவர்கள் வந்து உட்காரும்போது சோறு ஆறியிருக்கும், கறியில் இரண்டு தீர்ந்திருக்கும். அவர்கள் பங்கை முதல் பந்தியிலேயே எடுத்து மூடி வைக்கச் சொல்லுங்கள்.