பாரம்பரிய நிகழ்ச்சியை இளைஞர்களிடம் ஒப்படைக்கும் முறை

ஏப்ரல் 18 உலகப் பாரம்பரிய நாளும் மே 18 பன்னாட்டு அருங்காட்சியக நாளும் நெருங்கும்போது, குமரி மாவட்டப் பள்ளிகளிலும் நூலகங்களிலும் மாணவர்களை வரவேற்புக்கும் வரிசை ஒழுங்குக்கும் நிறுத்துவதே வழக்கமாக இருக்கிறது. அவர்களே நிகழ்ச்சியை நடத்த வேண்டுமானால், இடம், பேசுபொருள், செலவு ஆகிய மூன்றையும் முடிவு செய்யும் உரிமையை முதல் கூட்டத்திலேயே கொடுத்துவிட வேண்டும். தொகை சிறியதாக இருந்தாலும் கணக்கு நோட்டு அவர்கள் கையில் இருக்கட்டும்.

குழுவுக்குப் பத்துப் பேர் போதும். பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கியவர்களோடு, படம் வரைபவரும், வீட்டுப் பெரியவர்களிடம் பொறுமையாகக் கதை கேட்பவரும் அதில் இருக்க வேண்டும்.

இடம் என்றதும் பத்மநாபபுரம் அரண்மனைதான் நினைவுக்கு வரும். ஆனால் சுற்றுலாக் கூட்டத்தின் நடுவே புதியவர்களின் குரல் எடுபடாது. புலியூர்க்குறிச்சியில் உள்ள உதயகிரிக் கோட்டை தொடக்கத்துக்கு ஏற்றது. 1741இல் குளச்சல் போரில் தோற்ற டச்சுப் படையைச் சேர்ந்த டிலனாய், பின்னர் திருவிதாங்கூர்ப் படைக்கே பயிற்சி அளித்து, அக்கோட்டைக்குள்ளேயே அடக்கமானார். அவருடைய கல்லறையில் லத்தீனும் தமிழும் பொறிக்கப்பட்டுள்ளன. "பிடிபட்ட எதிரியைத் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மர் ஏன் நம்பினார்?" என்ற ஒரு கேள்வியை மாணவர்கள் பிடித்துக்கொண்டால், கோட்டையைச் சுற்றிப் பார்க்கும் அரை நாள் நடைக்கு அதுவே போதும். சிதறால் மலையைத் தேர்ந்தெடுத்தால், சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்கள் உள்ள இடம் பகவதி கோயிலானது எப்படி என்று யாராவது நிச்சயம் கேட்பார்கள். அப்போது பெரியவர்கள் குறுக்கிட்டுப் பேச்சை மாற்றக் கூடாது.

அனுமதிக் கடிதத்தை மாணவர்களே எழுத, பொறுப்பாளர் கையெழுத்திட்டால் போதும். சிதறால் இந்தியத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் உள்ளது. பத்மநாபபுரம் அரண்மனையோ தக்கலைக்கு அருகில் இருந்தும் கேரள அரசின் தொல்லியல் துறை வசம் இருப்பதால், அங்கே நிகழ்ச்சி வைக்க விரும்புவோர் அத்துறைக்கே விண்ணப்பிக்க வேண்டும். பதினெட்டு வயது நிறையாதவர்களுக்குப் பெற்றோரின் ஒப்புதலும், வெளியிடங்களில் உடன்வரப் பெரியவர் ஒருவரும் கட்டாயம்.

ஊர் நூலகத்தில் சிறு கண்காட்சி வைப்பதாக இருந்தால், பொருள்களை வீடுகளிலிருந்து இரவல் வாங்கலாம். பனையேறும் தளைநார் ஒன்று கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். "பழங்காலப் பொருள்" என்று அட்டை எழுதினால் பார்ப்பவர் கடந்து போய்விடுவார். அது காலில் எங்கே மாட்டப்பட்டது, அதை அணிந்தவர் விடியலில் எத்தனை மரம் ஏறினார், ஏன் நிறுத்தினார் என்பதை அவர் வீட்டாரிடமே கேட்டு எழுத வேண்டும். அட்டையில் பிழை இருந்தால் பொறுப்பாளர் கோடிட்டுக் காட்டலாமே தவிர, தாமே திருத்தி எழுதக் கூடாது. இது பொறுப்பாளர்களுக்குத்தான் மிகவும் கடினம்.

இரவல் பதிவேட்டில் பொருளின் நிலையையும் தந்தவரின் கையெழுத்தையும் வாங்கும்போதே குறித்து, கண்காட்சி முடிந்த மறுநாளே திருப்பிக் கொடுத்து மீண்டும் கையெழுத்துப் பெற வேண்டும். அந்தப் பதிவேடும் கணக்கு நோட்டும் அடுத்த ஆண்டுக் குழுவிடம் போய்ச் சேர வேண்டும்.