ஜாக் ரசலுக்குக் கறிச்சோறு போடாதீர்கள்

போன கிழமை பரந்தனிலிருந்து ஒரு தம்பி மோட்டார் சைக்கிளில் வந்தான். முன்னால் தொங்கிய பைக்குள் மூன்று மாத ஜாக் ரசல் டெரியர் நாய்க்குட்டி ஒன்று, தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. "அண்ணை, நல்லாச் சாப்பிடுறான். நாங்கள் சாப்பிடுறது எல்லாம் குடுக்கிறம்" என்றான் பெருமையாக. நானும் ஒரு காலத்தில் இதே பெருமையோடு இதையேதான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

சொக்லேற் கொடுக்காதே, பழுதான சோறு போடாதே என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தவர்களே விடுகிற பிழைகள் வேறு.

கறிச்சோறு

எங்கள் பக்கத்து வீடுகளில் நாய்ச் சாப்பாடு என்று தனியாக ஒன்று கிடையாது. மத்தியானச் சோறு மிஞ்சினால் கறிச்சட்டியை அதற்குள் வழித்து, பிரட்டி வைப்போம். என் முதல் ஜாக் ரசல் மின்னிக்கும் அப்படித்தான் வைத்தேன். ஆறு கிலோ இருப்பாள். ஒருமுறை சொந்தக்காரச் செத்தவீட்டு அந்தியேட்டிச் சடங்கு முடிந்து ஒரு வாளி நிறைய மரக்கறி வந்து சேர்ந்தது. வெங்காயமும் உள்ளியும் தாராளமாக வதக்கிப் போட்ட கத்தரிக்காய்க் கறி. எறிய மனமில்லை. மூன்று நாள் மின்னிக்கு அதுதான்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் கூப்பிட்டேன், வரவில்லை. கிணற்றடியில் ஈரச் சீமெந்தோடு வயிற்றை ஒட்டிப் படுத்திருந்தாள். பந்தை எடுக்க நான் குனிந்தாலே ஓடத் தொடங்குகிறவள், கண்ணை மட்டும் திருப்பினாள். உதட்டைத் தூக்கிப் பார்த்தேன், பல்முரசு கடதாசி மாதிரி வெளுத்திருந்தது. தள்ளாடிப் போய் மூத்திரம் பெய்தாள். அது வெறுந்தேத்தண்ணி நிறத்தில் இருந்தது.

"வெங்காயம் ஏதும் குடுத்தனீங்களோ?" என்று மிருக வைத்தியர் கேட்டார். "இல்லை டொக்டர்" என்றேன். நான் பொய் சொல்லவில்லை. நான் கொடுத்தது கறி. அதற்குள் வெங்காயம் இருக்கிறது என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. அந்த "இல்லை"யால் அரை நாள் வீணாய்ப் போனது. முரசு வெளுப்பதும் மூத்திரம் கறுப்பதும் உண்ணிக் காய்ச்சலிலும் உண்டு என்பதால், அவர் காதுக்குள்ளும் கால் விரலிடுக்கிலும் உண்ணி தேடினார், இரத்தம் எடுத்துப் பார்த்தார். பின்னேரம் மனைவி போனில், "அந்தியேட்டிக் கறியைச் சொன்னீங்களோ?" என்று கேட்ட பிறகுதான் கதை வெளியே வந்தது. மின்னி பிழைத்தாள். பழையபடி ஓட ஒரு மாதத்துக்கு மேல் ஆனது.

நடப்பது இதுதான். வெங்காயம், உள்ளி, லீக்ஸ் எல்லாம் ஒரே குடும்பம். அவற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் நாயின் சிவப்பணுக்களைப் பழுதாக்கும், பழுதானவற்றை உடம்பே அழித்துவிடும். இது ஒரு நாளில் தெரிய வராது, சில நாள் எடுக்கும். அதனால்தான் சாப்பாட்டையும் வருத்தத்தையும் யாரும் முடிச்சுப் போடுவதில்லை. அவித்தாலும் பொரித்தாலும் தூளாக்கினாலும் நஞ்சு போகாது. நாயின் எடையில் நூற்றுக்கு அரைப் பங்கு (0.5%) வெங்காயமே ஆபத்து என்பது கணக்கு. ஆறு கிலோ நாய்க்கு அது 30 கிராம். ஐந்தாறு சின்ன வெங்காயத்தைக் கையில் வைத்துப் பாருங்கள், அவ்வளவுதான். அதைவிடக் குறைவாக நாள்தோறும் கொடுத்தாலும் சேதம் சேர்ந்துகொண்டே போகும்.

இதைச் சொன்னால் வருகிற பதில்தான் எனக்கு இன்னும் எரிச்சல். "எங்கட ஊர் நாய் காலம் முழுக்க இதைத்தானே தின்னுது, என்ன நடந்தது?" ஊர் நாய் பதினைந்து, பதினெட்டுக் கிலோ. உங்கள் சட்டி அதற்கு ஒரு நேரம்தான். மிச்ச நேரத்துக்கு அது வயலில் எலி பிடிக்கும், மீன் வாடியடியில் தலை பொறுக்கும், அயலில் முட்டை களவெடுக்கும். வேலிக்குள் நிற்கிற டெரியருக்கு நீங்கள் வைக்கிற தட்டை விட்டால் வேறு போக்கிடம் இல்லை. அப்புறம், வெளுத்துச் செத்த ஊர் நாயை யார் வைத்தியரிடம் கொண்டுபோனது? காய்ச்சல் என்று சொல்லிப் புதைத்திருப்போம்.

பரந்தன் தம்பிக்கும் இவ்வளவும் சொன்னேன். தலையாட்டிவிட்டுக் கேட்டான்: "சொதி குடுக்கலாம்தானே?"

சொதியிலும் வெங்காயம்தான். சரி, வழி சுலபம். உப்பு, தூள், வெங்காயம் விழ முன்னமே நாயின் பங்கை எடுத்து வேறாக அவியுங்கள்.

துள்ளினால் பசி என்று நினைப்பது

டெரியர் துள்ளும். அது அதன் பிறவிக் குணம். தட்டை நக்கி முடித்த கையோடு உங்கள் காலில் ஏறும். அதைப் பார்த்து இன்னொரு அகப்பை போட்டால் ஆறு மாதத்தில் இடுப்பு காணாமல் போய்விடும். சின்ன நாய்களுக்கு முழங்கால் சில்லு விலகுகிற வருத்தம் உண்டு, அதற்குமேல் கொழுப்பும் ஏறினால் நொண்டத்தான் செய்யும்.

வளர்ந்த ஆறு கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 400 முதல் 450 கலோரி காணும். நான் வைப்பது: சோறு 150 கிராம், முள்ளு எடுத்த அவித்த மீன் அல்லது எலும்பில்லாத கோழி 120 கிராம், கொஞ்சம் பூசணி, கிழமைக்கு இரண்டு தரம் சின்னத் துண்டு ஈரல். முட்டைக்கோதை வறுத்து மாவாக அரைத்து நாளுக்குக் கால் தேக்கரண்டி. இறைச்சியும் சோறும் மட்டும் கொடுத்தால் கல்சியம் போதாது. இதை இரண்டாகப் பிரித்து, வெயில் ஏற முன் ஒன்று, பொழுதுபட ஒன்று. ஏப்ரல் வெக்கையில் மத்தியானம் தட்டு வைத்தால் பாதி கிடக்கும், இலையான் மொய்க்கும்.

தேத்தண்ணி நேரத்தில் ஆளுக்கொன்றாக நீட்டுகிற மாரி பிஸ்கற்றும் கணக்கில் சேர்த்திதான். நாலு பிஸ்கற், நூறு கலோரிக்கு மேல். அதாவது அதன் ஒரு நாள் சாப்பாட்டில் கால் பங்கு.

இந்தக் கணக்கு குட்டிக்குப் பொருந்தாது. வளருகிற எலும்புக்கு என் கால் தேக்கரண்டியை நம்பாதீர்கள். ஒரு வயது வரை குட்டிகளுக்கென்றே விற்கிற பெட்டிச் சாப்பாட்டை முக்கியமாக வையுங்கள். நாலு மாதம் வரை நாளுக்கு மூன்று நாலு தரம்.

சமைத்த எலும்பு

வேண்டாம். கோழியோ ஆடோ, சிம்பாக உடைந்து குடலைக் குத்தும்.

பால்மா

வயிற்றால் போகும். தண்ணீர் வையுங்கள்.

மாங்கொட்டை

நக்கத்தான் எடுப்பான், விழுங்கிவிடுவான். சீசனில் முற்றத்தைக் கூட்டுங்கள்.

எலி

இது நீங்கள் வைக்காத சாப்பாடு. நரியை வளையிலிருந்து கிளப்பவே உருவான வேட்டை இனம் இது, எலியைக் கண்டால் தடுக்க முடியாது. பக்கத்து வயலில் எலிமருந்து வைத்தால் மட்டும் கட்டி வையுங்கள். மருந்து தின்ற எலியைத் தின்றாலும் நஞ்சு ஏறலாம். இரத்தம் உறையாமல் செய்கிற வகை என்றால் மூன்று நாளைக்கு நாய் சாதாரணமாக நிற்கும், பிறகுதான் உள்ளே இரத்தம் கசியும். அதற்கு வைத்தியரிடம் விற்றமின் கே உண்டு. போகும்போது அந்த எலிமருந்துப் பெட்டியையும் கொண்டுபோங்கள்.