கடல் கொண்டுபோன பின்பும் விழித்திருத்தல்: உறவை இழந்த கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

குமரி மாவட்டக் கடலோரத்தின் மேற்குக் கடைசி ஊரான நீரோடியைத் தாண்டினால் கேரளத்துப் பொழியூர். நீரோடி முதல் இரயுமன்துறை வரையுள்ள கடலோரப் பங்குகள், அதாவது கோவில் ஊர்கள், அரசுக் கணக்கில் தமிழ்நாட்டையும், திருச்சபைக் கணக்கில் திருவனந்தபுரம் இலத்தீன் உயர்மறைமாவட்டத்தையும் சேர்ந்தவை. 2017 நவம்பர் 30, மீனவராயிருந்த திருத்தூதர் அந்திரேயாவின் திருநாளன்று, ஒக்கிப் புயல் குமரிக் கடலில் சுழன்றடித்தபோது, எங்கள் வட்டாரத்து ஆழ்கடல் படகுகள் பல எச்சரிக்கை எட்டாத தொலைவில் இருந்தன. போனவர்களில் பலருடைய உடல்கூடக் கரைக்கு வரவில்லை. அதற்கு மூன்றாம் நாள், டிசம்பர் 3, கிறிஸ்து பிறப்புக்கு ஆயத்தமாகும் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. அன்று கோவிலில் வாசிக்கப்பட்ட நற்செய்தி மாற்கு 13:33-37, அதாவது வீட்டுத் தலைவர் எப்போது வருவார் என்று தெரியாததால் விழிப்பாயிருங்கள் என்னும் பகுதி. மூன்று இரவுகள் கண்மூடாமல் கடலையே பார்த்துக்கொண்டிருந்தவர்களிடம் இன்னும் விழித்திருக்கச் சொல்வதா என்று எனக்கு அன்று கோபம்தான் வந்தது. அந்தக் கோபத்தோடு தொடங்குவதில் தவறில்லை என்பதையே முதலில் சொல்ல விரும்புகிறேன்.

முதல் நாள்களில் எதையும் விளக்க முயலாதீர்கள், மற்றவர்கள் விளக்கவும் இடம் கொடுக்காதீர்கள். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் அவரோடு தரையில் வாய்திறக்காமல் அமர்ந்திருந்தார்கள். அவர்கள் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான், பேசத் தொடங்கிய பிறகுதான் எல்லாம் கெட்டது. இழவு வீட்டுக்கு வருபவர்கள் "இது கடவுளின் சித்தம்" என்றோ, "ஊர் செய்த பாவம்" என்றோ சொன்னால், லூக்கா 13-ஆம் அதிகாரத்தை நினைவில் கொள்ளுங்கள். சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் இறந்தபோது, எருசலேமில் குடியிருந்த மற்றவர்களைவிட அவர்கள் பெரிய குற்றவாளிகள் அல்லர் என்று இயேசுவே மறுத்துச் சொல்லிவிட்டார்.

செபிக்க வார்த்தை வராத நாள்களில் திருப்பாடல் 88-ஐ உரக்க வாசியுங்கள். புலம்பல் பாடல்களில் பெரும்பாலானவை முடிவில் புகழ்ச்சிக்குத் திரும்பிவிடும். இதுவோ இருளில் தொடங்கி இருளிலேயே முடிகிறது. அதையும் திருச்சபை செபம் என்று ஏற்று வைத்திருக்கிறது. அன்பியக் கூட்டத்தில், அதாவது பக்கத்து வீட்டுக் குடும்பங்கள் சேர்ந்து செபிக்கும் பங்கின் சிறு குழுவில், செபமாலைக்குப் பிறகு ஒருவர் இதை வாசித்து, மற்றவர்கள் மௌனமாக இருந்தாலே போதும்.

உடல் கிடைக்காத வீடுகளுக்கு வேறொரு வேதனை உண்டு. எனக்குத் தெரிந்த ஒரு தந்தை, காணாமற்போன மகனுடைய செல்போன் எண்ணுக்கு மாதந்தோறும் ரீசார்ஜ் செய்துவந்தார். செபமாலை முடிந்ததும் முற்றத்துக்கு வந்து ஒருமுறை அந்த எண்ணை அழைப்பார்; "தொடர்பு எல்லைக்கு வெளியே உள்ளார்" என்ற குரலை முழுதாகக் கேட்டுவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். இப்படிப்பட்டவரிடம் நம்பிக்கையை விட்டுவிடச் சொல்லக் கூடாது. அவருடைய நம்பிக்கை பற்றிக்கொள்ள வேறோர் இடம் வேண்டும். உடல் இல்லாமலும் அடக்கத் திருப்பலி ஒப்புக்கொடுக்கலாம். தயங்காமல் பங்குத்தந்தையிடம் கேளுங்கள். கல்லறைத் தோட்டத்தில் ஒரு சிலுவையும் அதில் பெயரும் இருந்தால், இறந்தோரை நினைவுகூரும் நவம்பர் 2-ஆம் நாள் மெழுகுவர்த்தி ஏற்ற அவனுடைய தாய்க்கும் ஓர் இடம் கிடைக்கும். எபிரேயர் 6:19 எதிர்நோக்கை நங்கூரம் என்கிறது. கடல் தொழிலுக்குப் போகிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நங்கூரம் பற்றிய இடம் கண்ணுக்குத் தெரியாது, கயிற்றின் இழுவை மட்டும் கையில் தெரியும். இறந்தவர்கள் உயிர்த்தெழுவார்கள் என்ற விசுவாசம் பல நாள்களில் அவ்வளவாகத்தான் உணரப்படும், அதுவே படகை நிறுத்தப் போதும்.

தூக்கமின்மை வாரக்கணக்கில் நீடித்தாலோ, உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் தலைகாட்டினாலோ, செபத்தோடு மருத்துவ உதவியும் வேண்டும். 14416 என்ற டெலி மனஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் இலவசமாகப் பேசலாம். அது விசுவாசக் குறைவு ஆகாது.

இனி அவசரத்தைப் பற்றி. புயலுக்குப் பின் உலக முடிவு நெருங்கிவிட்டது என்று ஒலிபெருக்கியில் அச்சுறுத்துவோர் இருக்கிறார்கள். துயரத்தில் இருப்பவரைப் பயமுறுத்தி மனந்திரும்பச் சொல்வது எனக்குச் சற்றும் உடன்பாடில்லாதது. சீலோவாம் செய்தியைச் சொன்ன கையோடு இயேசு ஓர் அத்திமர உவமையைச் சொல்கிறார். மூன்று ஆண்டுகளாகக் காய்க்காத மரத்தை வெட்டச் சொல்லும் உரிமையாளரிடம் தோட்டக்காரர், சுற்றிலும் கொத்தி எருப்போட்டுப் பார்க்கிறேன், இந்த ஆண்டும் விட்டுவையுங்கள் என்று கேட்கிறார். எஞ்சியிருப்பவர்களாகிய நமக்குக் கிடைத்திருப்பது அந்த ஓர் ஆண்டு. மாற்குவின் வாசகத்தைப் பிறகு பலமுறை வாசித்தபோதுதான், அன்று கோபத்தில் என் காதில் விழாத ஒரு வரி கண்ணில் பட்டது: தலைவர் புறப்படும்போது ஒவ்வொரு பணியாளருக்கும் அவரவர் வேலையைக் கொடுத்துவிட்டுப் போகிறார். விழித்திருப்பது என்றால் வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பது அன்று, கொடுத்த வேலையைச் செய்துகொண்டிருப்பது.

ஆகவே உங்கள் வேலை எது என்று எழுதிப் பாருங்கள். கணக்குத் தகராறில் பேச்சு நின்றுபோன சகோதரரிடம் அடுத்த திருநாள்வரை காத்திராமல் இந்த வாரமே போங்கள். ஒப்புரவு அருட்சாதனத்தையும் (பாவ அறிக்கை) தள்ளிப்போட வேண்டாம். பக்கத்து வீட்டுப் பிள்ளை தந்தையை இழந்திருந்தால், அந்தப் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தை அன்பியம் மாதந்தோறும் ஏற்கட்டும். கைம்பெண்ணின் வங்கிக் கடிதத்தைப் படித்துச் சொல்லவும், அலுவலகத்துக்குத் துணையாகப் போகவும் ஒருவர் பொறுப்பேற்கட்டும். படகு வைத்திருப்பவர்கள், ஆழ்கடலுக்குப் புறப்படும் முன் வானிலை அறிவிப்பைப் பார்த்து, ஏறுகிறவர்கள் ஒவ்வொருவரின் பெயரையும் வீட்டுத் தொலைபேசி எண்ணையும் ஒரு தாளில் எழுதி, ஒரு படியை வீட்டிலும் மற்றொன்றைப் பங்கு அலுவலகத்திலும் கொடுத்துவிட்டுப் போங்கள். யார் யார் போனார்கள் என்று தெரியாமல் வீடுவீடாகக் கேட்டு அலைந்த அந்த டிசம்பர் மாதத்தைப் பார்த்தவர்கள் இதை ஒரு செபமாகவே செய்வார்கள்.