வேகமான மாரத்தானுக்கு அட்டவணை தேடுகிறீர்களா? முதல் வாரத்தைப் பாருங்கள்

பயிற்சி அட்டவணை தேடும்போது பெரும்பாலோர் கண் போவது தலைப்பில் இருக்கும் நேரத்தின் மீதுதான். "4 மணி நேரத்துக்குள்" என்று போட்டிருந்தால் உடனே டவுன்லோடு செய்துவிடுகிறார்கள். அது கடைசியாகப் பார்க்க வேண்டிய எண். அட்டவணையின் முதல் வாரத்தை முதலில் பாருங்கள். இப்போது நீங்கள் ஓடிக்கொண்டிருக்கும் வாரத்தைப் போலவே அது இருக்க வேண்டும்.

வாட்சிலிருந்து கடந்த எட்டு வாரக் கணக்கை எடுங்கள். ஒருவருடைய கணக்கு 38, 41, 35, 44, 0, 30, 42, 42 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கேட்டால் "வாரம் 40 ஓடுகிறேன்" என்பார். காய்ச்சலில் படுத்த வாரத்தையும் சேர்த்தால் சராசரி 34தான். அவருடைய கால் பழகியிருப்பது இந்த 34-க்கு. மூச்சு சில வாரங்களில் தேறிவிடும். எலும்பும் தசைநாணும் தேற மாதக்கணக்கில் ஆகும். ஐந்தாவது, ஆறாவது வாரத்தில் கணுக்காலோ முழங்காலுக்குக் கீழே முன் எலும்போ வலியெடுத்துப் பலர் பாதியில் விடுவது இதனால்தான். இவருக்கு 34 முதல் 38-க்குள் தொடங்கி, 60 வாக்கில் உச்சம் தொடும் 16 அல்லது 18 வார அட்டவணை சரி. மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை தூரம் கால் பங்காவது குறைய வேண்டும். குறையாமல் ஏறிக்கொண்டே போகும் அட்டவணையைத் தொடாதீர்கள்.

இணையத்தில் அதிகம் கைமாறும் அமெரிக்க அட்டவணைகள் மைல் கணக்கில் இருக்கும். "6" என்றால் 9.7 கிலோமீட்டர். இதைக் கவனிக்காமல் நான்கு மாதமும் குறைவாகவே ஓடிவிட வாய்ப்பு உண்டு. அமெரிக்கப் பயிற்சியாளர் ஹால் ஹிக்டனின் தொடக்கநிலை அட்டவணையில் வாரம் நான்கு ஓட்டம், நீண்ட ஓட்டம் 32 கிலோமீட்டர் வரை. முதல் மாரத்தானை முடிக்க அருமையானது. ஆனால் அதில் வேகப் பயிற்சி இல்லை. இன்னொரு பயிற்சியாளர் பீட் ஃபிட்சிங்கரின் 18/55 (18 வாரம், உச்சம் வாரம் 55 மைல்) முதல் வாரமே 53 கிலோமீட்டர் கேட்கும், 88 வரை போகும். மேலே சொன்னவருக்கு அது இப்போதைக்கு வேண்டாம். பயிற்சியாளர்களான ஹான்சன் சகோதரர்களின் அட்டவணையில் நீண்ட ஓட்டம் 26-ஓடு நின்றுவிடும். அதைப் பார்த்து எளிது என்று நினைத்துவிடாதீர்கள். வாரம் ஆறு நாள் ஓடிக் களைத்த காலோடு அந்த 26-ஐ ஓடுவதுதான் அதன் சூட்சுமம். வாரநாள் ஓட்டங்களை விட்டுவிட்டு ஞாயிறு மட்டும் 26 ஓடினால் அந்த அட்டவணையில் ஒன்றுமே மிஞ்சாது.

அடுத்து நீண்ட ஓட்டத்தைக் கவனியுங்கள். வாரத் தூரத்தில் பாதிக்கு மேல் ஒரே நாளில் வந்தால் அந்த அட்டவணை உங்களை உடைக்கும். 32 கிலோமீட்டரை 7:30 பேஸில், அதாவது கிலோமீட்டருக்கு ஏழரை நிமிடத்தில், ஓடுபவருக்கு 4 மணி நேரம் ஆகும். மூன்று, மூன்றரை மணி நேரத்தோடு நிறுத்திவிடுவது நல்லது. வேகம் கூட வேண்டுமானால் நீண்ட ஓட்டத்துக்குள்ளேயே மாரத்தான் பேஸ் இருக்க வேண்டும். உதாரணமாக 26 கிலோமீட்டரில் முதல் 14 மெதுவாக, கடைசி 12 போட்டி பேஸில். வாரம் மூன்று இன்டர்வெல் (சிறு தூரம் வேகமாக ஓடி, இடையிடையே இளைப்பாறும் பயிற்சி) கொடுத்துவிட்டு இதைக் கொடுக்காத அட்டவணை 10 கிலோமீட்டர் போட்டிக்குத்தான் உதவும்.

இலக்கு நேரத்துக்கு இப்போது வரலாம். மூன்று மாதத்துக்குள் முழு மூச்சாக ஓடிய அரை மாரத்தான் நேரத்தை இரட்டித்து 10 முதல் 15 நிமிடம் கூட்டுங்கள். 1:55 என்றால் 4:00 முதல் 4:05. நான்கு மணிக்கு பேஸ் 5:41. ஈஸி ரன்கள் 6:20 முதல் 7:00. பேசிக்கொண்டே ஓட முடிய வேண்டும். ஈஸி நாளை 5:50-இல் ஓடித் தீர்ப்பவர்களுக்கு டெம்போ நாளில், அதாவது சற்றுக் கடினமான வேகத்தில் விடாமல் ஓடும் நாளில், கால் வராது. அதற்கு அட்டவணையைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஜனவரி தொடக்கத்தில் நடக்கும் சென்னை மாரத்தானுக்கு 18 வார அட்டவணை என்றால் செப்டம்பர் முதல் வாரமே தொடங்க வேண்டும். அதிகாலையிலும் புழுக்கம் இருக்கும். பேஸைத் துரத்தாமல் மூச்சின் கணக்கில் ஓடுங்கள். நீண்ட ஓட்டங்களின் உச்சம் நவம்பர், டிசம்பரில் வரும். வடகிழக்குப் பருவமழை கொட்டுவதும் அப்போதுதான். அதனால் நீண்ட ஓட்டத்தை ஞாயிறிலிருந்து சனிக்கோ திங்களுக்கோ நகர்த்த இடம் தரும் அட்டவணையாகப் பாருங்கள். இன்டர்வெல்லை டிரெட்மில்லில் 1 சதவீத ஏற்றம் வைத்து முடிக்கலாம். தவறிய ஓட்டத்தை மறுநாள் ஓட்டத்தோடு சேர்க்காதீர்கள், விட்டது விட்டதுதான். ஒரு வாரம் முழுக்கப் போனால் அடுத்த வாரத்தை 20 முதல் 30 சதவீதம் குறைத்துத் தொடருங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் போனால் இலக்கு நேரத்தை மாற்றுங்கள்.

கடைசி மூன்று வாரம் டேப்பர், அதாவது போட்டிக்கு முன் தூரத்தைக் குறைக்கும் காலம். உச்சம் 60 என்றால் 48, 36, போட்டி வாரத்தில் ஞாயிறுக்கு முன் 15 முதல் 18. தூரம் குறையட்டும், பேஸ் குறைய வேண்டாம். புதன்கிழமை 3 கிலோமீட்டர் போட்டி பேஸில் போதும். கால் துறுதுறுக்கிறதே என்று கடைசியாக ஒரு 25 ஓடிப் பார்க்காதீர்கள். அதன் பலன் உடம்பில் சேரப் பத்து நாளாவது ஆகும். களைப்பு மட்டும் போட்டியன்று உங்களோடு ஸ்டார்ட் லைனில் வந்து நிற்கும்.